பி.எஸ்சி. நர்சிங்: கலந்தாய்வு வரை காத்திருப்பதா, இப்போதே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதா?

கவுந்தப்பாடி அண்ணன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் உள்ளது. அப்பா வெல்ல ஆலையில் பாகு காய்ச்சும் வேலை செய்கிறார், நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். என் தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். இந்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் உயிரியலில் 94, இயற்பியலில் 86, வேதியியலில் 88 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். செவிலியர் ஆக வேண்டும் என்பது, பாட்டி நோயில் கிடந்தபோது மருத்துவமனையில் உடனிருந்து பார்த்துக்கொண்ட நாளிலிருந்தே அவள் சொல்லி வருவது. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. நாங்கள் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும், பதில் சொல்பவர்களுக்குத் தேவைப்படும் என்பதால், இங்கே குறிப்பிடுகிறேன்.

தேர்வு முடிவு வந்த மறுவாரமே, ஊரில் எல்லோருக்கும் அறிமுகமான ஒருவர் வீட்டுக்கு வந்தார். பக்கத்து மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இடம் இருப்பதாகவும், முன்பணமாக 25,000 ரூபாயும் மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலும் கொடுத்தால் உடனே இடத்தை உறுதி செய்துவிடலாம் என்றும் சொன்னார். அரசுக் கலந்தாய்வு நடப்பதற்குள் நல்ல இடங்கள் எல்லாம் முடிந்துவிடும், கல்வி உதவித்தொகையைக் கல்லூரியே வாங்கிக் கொடுத்துவிடும், ஆகையால் எங்களுக்குப் பெரிய செலவு இருக்காது என்பதும் அவர் சொன்னதே. அப்பா கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறார். அம்மாவோ, சேலத்தில் அரசுக் கல்லூரி கிடைத்தாலும் விடுதியில் விட மனம் வராமல், "புள்ளைய அத்தன தூரம் தனியா உட்டுப்போட்டு எப்படிங் இருக்கறது" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த மனிதர் சொல்வது உண்மையா? நாங்கள் காத்திருந்தால் தங்கைக்கு ஓர் ஆண்டு வீணாகிவிடுமா? கலந்தாய்வில் கல்லூரிகளை எப்படி வரிசைப்படுத்துவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

---

அந்தியூர் ஆசிரியை:

தம்பி, முதலில் உங்கள் தங்கைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் மாணவியருக்கு இந்த விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன்: அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள், முன்பணமும் கட்டாதீர்கள்.

காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். தனியார் செவிலியர் கல்லூரிகளில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒரு பகுதியை அரசுக்கு ஒப்படைத்துவிடுகிறார்கள்; அதை அரசின் தேர்வுக் குழு கலந்தாய்வின் மூலம் நிரப்புகிறது. மீதியை நிர்வாகமே நிரப்பிக்கொள்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் பேசுவது இரண்டாவது வகை இடத்தைப் பற்றி. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் கிடைக்கக்கூடியது. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அது பொருந்தாது. அதே கல்லூரியில், அதே வகுப்பில், கலந்தாய்வு வழியாக வந்த பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கும்போது, நிர்வாக இடத்தில் வந்த பெண்ணின் வீட்டார் நான்கு ஆண்டும் முழுக் கட்டணத்தையும் கைக்காசிலிருந்து கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். "உதவித்தொகையைக் கல்லூரியே வாங்கிக் கொடுக்கும்" என்று அவர் சொன்னதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்.

அடுத்து, உங்கள் தங்கையின் நிலை எப்படி என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. நீட் தேர்வு தேவையில்லை. உயிரியல் மதிப்பெண்ணை அப்படியே நூற்றுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்குக் குறைத்தும் கூட்டி, மொத்தம் 200க்குக் கணக்கிடுவார்கள். உங்கள் தங்கைக்கு 94, 43, 44 என்று மொத்தம் 181 வருகிறது. நம் கொங்கு மாவட்டங்களில் இதைவிட அதிகம் வாங்கிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பொதுத் தரவரிசை எண்ணை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம். பட்டியல் இனத்தவருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைமுறையில் உள்ளது. பட்டியல் இனத்துக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அவளுடைய சமூகத் தரவரிசை எண்தான் உங்களுக்கு முதன்மையானது. சாதிச் சான்றிதழில் அருந்ததியர் என்று தெளிவாக இருக்கிறதா, அதில் உள்ள பெயரும் தந்தை பெயரும் மதிப்பெண் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருப்பதால் கடைசி நேரத்தில் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைகிற குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்ததற்கான பள்ளிச் சான்று ஆகியவற்றையும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து, அதில் ஆதார் இணைக்கப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் உதவித்தொகை அந்தக் கணக்குக்குத்தான் வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் அவள் சேரலாம். மற்ற உதவித்தொகை பெறுவது அதற்குத் தடையில்லை.

ஓர் ஆண்டு வீணாகும் என்ற பயத்துக்கு வருகிறேன். தேர்வு முடிவு மே மாதம் வந்தாலும், நர்சிங் உள்ளிட்ட துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வு சில ஆண்டுகளில் செப்டம்பர், அக்டோபர் வரை நீண்டுவிடுகிறது. இடைத்தரகர்கள் பெற்றோரைப் பிடிப்பது இந்த நான்கைந்து மாத இடைவெளியில்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கல்லூரிக்குப் போகும்போது நம் பிள்ளை மட்டும் வீட்டில் இருந்தால் யாருக்கும் பதற்றம் வரத்தான் செய்யும். எங்கள் பள்ளி மாணவியர் விஷயத்தில் நான் பார்த்த வரையில், கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடிந்த பிறகும் தனியார் கல்லூரிகள் இடம் இருக்கிறது என்று தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கின்றன. அவர் காட்டுகிற அவசரம் அவருக்கு வர வேண்டிய தரகுக்கானது.

ஒன்றை மட்டும் நம்பியிராமல், அரசு மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் நடக்கும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்கும் தனியாக விண்ணப்பித்து வையுங்கள். பட்டயம் முடித்தவர்கள் பின்னாளில் இரண்டாண்டு படித்துப் பட்டம் பெற வழி இருக்கிறது. அவள் நீட் எழுதியிருந்தால் புதுச்சேரி ஜிப்மர், ராணுவச் செவிலியர் கல்லூரிகள் ஆகியவற்றின் அறிவிப்புகளையும் கவனியுங்கள். எழுதவில்லை என்றால் அதைப் பற்றி இந்த ஆண்டு யோசிக்க வேண்டியதில்லை.

---

சேலம் வார்டு சிஸ்டர்:

ஆசிரியை அம்மா சொன்ன ஒவ்வொன்றையும் நானும் வழிமொழிகிறேன். எனக்குச் சொந்த ஊர் சங்ககிரி; சேலத்தில் படித்து, இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் பணியில் இருக்கிறேன். கல்லூரியை எப்படி வரிசைப்படுத்துவது என்று தம்பி கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

பெற்றோர் கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தையும் பேருந்தையும் விடுதியையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் அதை ஒட்டியிருக்கும் மருத்துவமனையைப் பாருங்கள். பி.எஸ்சி. நர்சிங் நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பதும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கில் பயிற்சி இருக்க வேண்டும் என்பதும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஏட்டில் 100 படுக்கை இருக்கலாம். ஒரு வேலை நாளில், காலை பத்து மணிக்குப் பொது வார்டுக்குள் போய் நின்று, எத்தனை கட்டிலில் நோயாளி இருக்கிறார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் காலியாக இருந்தால், அங்கே படிக்கும் பெண்கள் ஊசி போடுவதையும் காயம் கட்டுவதையும் பொம்மையில்தான் பழக வேண்டியிருக்கும்.

பெரிய மருத்துவமனையில் படிப்பது என்றால் என்ன என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். நம் பக்கத்தில் மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் வேலை செய்பவர்கள் பாம்புக் கடியோடு வருவது வழக்கம். கண்ணாடி விரியன் கடித்திருந்தால் ரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்: நோயாளியின் ரத்தத்தில் இரண்டு மில்லி எடுத்து, சோப்புத் தண்ணீர் படாத, நன்றாகக் காய்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக நின்றால் அது உறைகிறது என்று பொருள், நீராக ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே. அவசரத்தில் பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டாலோ, ஐந்தாம் நிமிடமே ஆட்டிப் பார்த்துவிட்டாலோ சோதனை கெட்டுவிடும். இது பாடப் புத்தகத்தில் நான்கு வரி. மூத்த செவிலியர் பக்கத்தில் நிற்க, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நோயாளியின் மனைவி அழுவதைக் கேட்டபடி அந்த இருபது நிமிடத்தைக் கடந்த மாணவிக்கு அது வாழ்நாள் முழுக்க மறக்காது. பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்தைச் செலுத்திக்கொண்டே, கண்மணி விரிகிறதா, நுரையீரலில் சளிச் சத்தம் குறைகிறதா, நாடித்துடிப்பு ஏறுகிறதா என்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை பார்த்துக் குறித்து வைப்பதும் அப்படித்தான். சேலம் அரசு மருத்துவமனைக்குத் தர்மபுரி, நாமக்கல் பக்கமிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருப்பதால், மாணவிக்குக் கற்க வாய்ப்பு இல்லாத நாளே இருக்காது.

ஆகவே சேலம் அரசுக் கல்லூரியை முதல் விருப்பமாக வையுங்கள் என்பதே என் கருத்து. அதற்கு அடுத்து, தூரமானாலும் மற்ற அரசுக் கல்லூரிகள். மதுரையும் தேனியும் அம்மாவுக்குத் தொலைவாகத் தெரியலாம். கட்டணத்தையும் பயிற்சியையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொலைவு பொருட்டில்லை. அதன் பிறகு, கோவையில் பி.எஸ்.ஜி., ராமகிருஷ்ணா, கே.எம்.சி.எச். போன்று சொந்தமாகப் பெரிய மருத்துவமனை வைத்திருக்கும் கல்லூரிகளில் கலந்தாய்வுக்கு வரும் இடங்களைப் போடலாம். கங்கா மருத்துவமனை எலும்பு முறிவுக்கும் ஒட்டறுவைச் சிகிச்சைக்கும் பெயர் பெற்றது. விபத்துச் சிகிச்சையில் ஆர்வம் இருந்தால் அதையும் யோசிக்கலாம்.

அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது, என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். விடுதியில் வருகைப் பதிவும் வெளியே போக அனுமதியும் கண்டிப்பாக இருக்கும். இரவுப் பணிக்கு மாணவியர் தனியாக அனுப்பப்படுவதில்லை, குழுவாகவே போய் வருவார்கள். சேர்க்கைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்து வந்து விடுதி வாசலில் நிற்கும் பெண்களோடு பேசச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்றாவது அங்கே இருக்கும்.

---

கவுந்தப்பாடி அண்ணன்:

ஆசிரியை அம்மாவுக்கும் சிஸ்டர் அக்காவுக்கும் மிக்க நன்றி. நிர்வாக இடத்துக்கு உதவித்தொகை பொருந்தாது என்பதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடன் வாங்கும் பேச்சை அவர் நிறுத்திவிட்டார். வந்தவரிடம் எழுத்தில் கேட்டபோது, அது வழக்கமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. சேலம் கிடைக்காது என்று தெரிந்தும் அதை முதல் விருப்பமாகப் போட்டால், அடுத்து உள்ள கல்லூரி கைவிட்டுப் போய்விடுமா? மேலும், தங்கை தமிழ்வழியில் படித்தவள். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும் என்கிறார்கள். அதை நினைத்து அவளே இப்போது சற்றுத் தயங்குகிறாள்.

---

பொள்ளாச்சி இறுதியாண்டு:

அண்ணா, இரண்டாவது சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நானும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கலந்தாய்வு வழியாகக் கோவையில் ஒரு தனியார் கல்லூரிக்கு வந்தவள்.

முதல் பருவம் கடினமாகத்தான் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. உடற்கூறியலும் உடலியங்கியலும் முதல் பருவத்திலேயே வந்துவிடுகின்றன. ஆனால் ஆங்கிலவழியில் படித்த என் தோழியருக்கும் அந்த எலும்புப் பெயர்களும் நரம்புப் பெயர்களும் புதியவையாகவே இருந்தன. அந்த இடத்தில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதான் தொடங்கினோம். எனக்குத் திணறல் வந்தது விடையை முழு வாக்கியமாக எழுதும்போதுதான். தங்கைக்கு இப்போது கையில் சில மாதங்கள் இருக்கின்றன. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவள் தமிழில் ஏற்கெனவே நன்றாகப் படித்த பாடங்களையே, இரத்த ஓட்டம், சுவாசம், கழிவுநீக்கம் என்று ஒவ்வொன்றாக, ஆங்கிலத்தில் படித்து, நாளுக்கு ஒரு பக்கம் பார்க்காமல் எழுதிப் பழகட்டும். பொருள் தெரிந்த பாடம் என்பதால் மொழி மட்டும்தான் வேலை வைக்கும். வார்டில் போய் நின்றால் நிலைமை மாறிவிடும். நோயாளியிடம் பேசுவது முழுவதும் தமிழில்தான். வயதான பாட்டிமார் தங்கள் வலியை நம் ஊர்ப் பேச்சில் சொல்லும்போது அதைப் புரிந்துகொண்டு எழுதுவதில் எங்களைப் போன்றவர்களைத்தான் ஆசிரியைகள் முன்னால் நிறுத்துகிறார்கள்.

சான்றிதழைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பெரியம்மா மகள் ஒரு தனியார் கல்லூரியில் மே மாதமே அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு, கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தபோது திரும்பக் கேட்டாள். முதலாண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லி நாட்களைக் கடத்தினார்கள். சேர வேண்டிய கடைசி நாள் கடந்துவிட்டது, இடமும் போய்விட்டது. அவள் நன்றாகப் படிக்கக்கூடிய பெண். இன்று வரை அந்தப் பேச்சு வந்தால் பெரியம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். அதனால்தான் இந்தப் பதிவைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. இடம் ஒதுக்கீடு ஆன கல்லூரியில் சேரும்போதுகூட, எந்தெந்தச் சான்றிதழைக் கொடுத்தோம் என்று பட்டியல் எழுதி, கல்லூரி முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே ஸ்கேன் எடுத்தும் வைத்துவிடுங்கள்.

---

அந்தியூர் ஆசிரியை:

தம்பி, முதல் சந்தேகத்துக்கு என் பதில். அப்படி எதுவும் கைவிட்டுப் போகாது. தரவரிசைப்படி உங்கள் தங்கையின் முறை வரும்போது, அவள் கொடுத்த விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அப்போது காலியாக இருக்கும் முதல் கல்லூரியை ஒதுக்குவார்கள். சேலத்தை முதலில் வைத்து அது இல்லை என்றால், இரண்டாவதாக உள்ளது அதே தகுதியோடு பரிசீலிக்கப்படும். ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று நீங்களே முடிவு செய்து பட்டியலைக் கீழிருந்து கட்டாமல், உண்மையில் எது வேண்டுமோ அதை அந்த வரிசையில் போடுங்கள். விருப்பங்களைத் தாராளமாகக் கொடுங்கள். நான்கைந்து கல்லூரி மட்டும் போட்டுவிட்டு இடமே ஒதுக்கப்படாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் சேர மாட்டோம் என்று நினைக்கிறீர்களோ, அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஒரு சுற்றில் இடம் வாங்கியவர் அடுத்த சுற்றில் மேலே நகர முடியுமா, விட்டு விலகினால் கட்டணம் திரும்ப வருமா என்பவற்றை அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் தெளிவாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கங்களை மட்டுமாவது நீங்களும் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிடுங்கள்.

தேர்வுக் குழுவின் இணையதளத்தை வாரம் இரண்டு முறையாவது பாருங்கள். விண்ணப்பத்தில் கொடுக்கும் கைப்பேசி எண் வீட்டில் எப்போதும் உயிரோடு இருக்கும் எண்ணாக இருக்கட்டும்; கணினி மையத்துக்காரரின் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்துவிட்டுப் பிறகு கடவுச்சொல்லுக்காக அவரைத் தேடி ஓடுகிற நிலை வேண்டாம். கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம் உள்ளதா என்பதையும் பட்டியலில் சேர்க்கும் முன் சரிபாருங்கள், ஏனெனில் அந்தக் குழுமத்தில் பதிவு செய்தால்தான் படித்து முடித்த பிறகு செவிலியராகப் பணிபுரிய முடியும்.

விண்ணப்பம் திறந்ததும், பவானி, கோபி, அந்தியூர் பக்கத்தில் எங்கிருந்தாலும், ஒரு சனிக்கிழமை சான்றிதழ்களின் நகல்களோடு தங்கையை அழைத்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வாருங்கள். நிரப்பும்போது நானும் உடன் இருக்கிறேன். பள்ளி விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.